கேட்டால் கொடுத்துவிட வேண்டும்

கப்பலில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நான் செகண்ட், அதாவது இரண்டாம் எஞ்சினியர். இந்தக் கதையில் வருகிற அவர் ஆயிலர், அதாவது எஞ்சின்களுக்கு எண்ணெய் போட்டுக் கவனித்துக்கொள்பவர். ஜெர்மன் முதலாளி ஒருவரின் கன்டெய்னர் கப்பலில் எட்டு மாதம் ஒரே எஞ்சின் அறையில் கிடந்தோம். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். பம்ப்பில் பேரிங் போகப்போகிறது என்றால் மீட்டர் சொல்வதற்கு முன்னால் அவர் உள்ளங்கை சொல்லிவிடும். பம்ப்பின் முதுகில் கையை வைத்து, மாட்டு வைத்தியர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்.

முதல் வாரத்தில் ஊர் எது என்று கேட்டேன். "கிரிபாஸ்" என்றார். அறைக்குப் போய் வரைபடத்தில் தேடினேன், அப்படி ஒரு நாடே இல்லை. கிரிபாட்டி என்று ஒன்று இருந்தது. மறுநாள் கேட்டால், "அதுதான் இது" என்று சிரிக்கிறார்.

அவர்கள் மொழிக்கு மொத்தமே 13 எழுத்து. அதில் 'ஸ்' கிடையாது, ஆனால் வாயில் உண்டு. 'டி' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் 'ஸ்' என்று படித்துக்கொள்ள வேண்டும். 1788-இல் அந்தப் பக்கமாகப் போன தாமஸ் கில்பர்ட் என்ற கேப்டனின் பேரை வெள்ளைக்காரர்கள் அந்தத் தீவுகளுக்கு வைத்தார்கள். 'கில்பர்ட்ஸ்' ஊர்க்காரர்கள் வாயில் புரண்டு கிரிபாஸ் ஆகிவிட்டது. கிறிஸ்துமஸ் தீவைக் 'கிரிடிமாடி' என்று எழுதி 'கிரிஸ்மஸ்' என்கிறார்கள். ஒரே ஒரு 'க'வை வைத்துக்கொண்டு காகம், கங்கை, அகம் எல்லாவற்றையும் ஓட்டுகிற நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நாட்டின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பசிபிக் பெருங்கடலில் 33 தீவுகள். எல்லாத் தரையையும் சேர்த்தால் 811 சதுர கிலோமீட்டர், சென்னை மாநகராட்சியைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. அதிலும் கிட்டத்தட்ட பாதி கிரிஸ்மஸ் தீவு ஒன்றே. ஆனால் அவர்களுக்குச் சொந்தமான கடல் சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியா முழுவதையும் தண்ணீராக நினைத்துக்கொண்டு, அதில் இரண்டு சென்னையை 33 துண்டாக்கி விசிறினால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு நாடு. மக்கள் சுமார் 1.2 லட்சம் பேர். பூமத்திய ரேகைக்கு மேலும் கீழும், 180 டிகிரி கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நிலம் இருப்பதால், பூமியின் நான்கு அரைக்கோளங்களிலும் கால் வைத்திருக்கிற ஒரே நாடு இதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. சர்வதேசத் தேதிக் கோடு நாட்டின் நடுவே ஓடியது. தலைநகரில் திங்கட்கிழமை என்றால் கிழக்குத் தீவுகளில் இன்னும் ஞாயிறு. இரண்டு பக்கத்து அலுவலகங்களும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் நாள் வாரத்துக்கு நாலுதான். 1995 பிறந்தபோது, கிழக்குத் தீவுகள் காலண்டரில் ஒரு நாளைத் தாண்டிக் குதித்தன. தேதிக் கோட்டையே வளைத்து நாட்டுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். அதனால் புத்தாண்டு உலகத்திலேயே முதலில் கிரிஸ்மஸ் தீவில் பிறக்கிறது.

இவ்வளவு கடலை வைத்திருப்பவர்கள் கப்பலுக்கு வராமல் எங்கே போவார்கள்? தலைநகரான தாராவாவில் பெசோ என்ற இடத்தில் (எழுதுவது 'பெட்டியோ') 1967 முதல் ஒரு மாலுமிப் பயிற்சிப் பள்ளி நடக்கிறது. ஜெர்மன் கப்பல் கம்பெனிகள் அங்கிருந்துதான் ஆள் எடுத்தன. ஊரில் சம்பளம் வருகிற வேலை குறைவு என்பதால், ஒரு மாலுமி அனுப்புகிற பணத்தில் ஒரு பெரிய குடும்பமே நிற்கும். 2008-இல் உலகப் பொருளாதாரம் சரிந்த பிறகு அந்த வேலைகள் குறைந்துகொண்டே வந்தன. எங்கள் ஆயிலர் மிச்சமிருந்தவர்களில் ஒருவர்.

அவரோடு எனக்கு நெருக்கம் வந்தது கள்ளால். குடித்து அல்ல, பேசித்தான். நான் தூத்துக்குடிப் பக்கம், தாத்தா பனையேறி. இதைச் சொன்னதும் அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். பாளையை எப்படிக் கட்டுவீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை சீவுவீர்கள், கத்தியை எதில் தீட்டுவீர்கள் என்று ஒரே கேள்வி. அவர்கள் ஊரில் பனை கிடையாது, எல்லாம் தென்னை. காலையும் சாயங்காலமும் ஏறிப் பாளை சீவ வேண்டும். உடனே இறக்கிக் குடிக்கிற இனிப்பான சாறு கரேவே. அதைக் காய்ச்சிப் பாகாக்கினால் கமைமை. புளிக்க விட்டால் வேறு பேர், வேறு விளைவு. பதநீர், கூப்பனி, கள் என்று எங்கள் வீட்டில் இருந்த அதே மூன்று படி, பசிபிக்கின் நடுவில்! ஒன்றுதான் எனக்குப் புதிது.

"மேலே ஏறியதும் என்ன பாட்டுப் பாடுவீர்கள்?" என்று கேட்டார்.

"பாட்டா? எங்கள் தாத்தா பீடிதான் பிடிப்பார்."

அவருக்கு அது வருத்தமாகவே இருந்தது. "பாடாவிட்டால், மரத்தின் மேல் ஆள் இருப்பது கீழே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

*

2017-இல் எனக்கு நீண்ட விடுப்பு. அவர் ஊரில் இருந்தார். "வருகிறேன் என்று சொன்னீர்களே, செகண்ட்" என்று செய்தி வந்தது. சொன்னது சொன்னதுதானே என்று கிளம்பினேன். ஃபிஜியில் நாண்டி வரை போய் (அங்கே ஒரு முருகன் கோயில், கோபுரத்தோடு, கரும்புக் காட்டுக்குக் கூலியாகப் போன நம்மவர்களின் பேரப்பிள்ளைகள் கட்டியது, அது தனிக் கதை), அங்கிருந்து வடக்கே மூன்று மணி நேரம் விமானம். மூன்று மணி நேரமும் தண்ணீர். பிறகு யாரோ நீலச் சேலையில் போட்ட கோணல் ஊசித் தையல் மாதிரி ஒரு கோடு தெரிந்தது. அதுதான் தலைநகர்.

தாராவா பவளத்தீவு. வெளியே பெருங்கடல், உள்ளே ஆழமில்லாத காயல், நடுவில் கயிறு மாதிரித் தரை. தெற்கு தாராவா முழுவதற்கும் ஒரே நெடுஞ்சாலை. பல இடங்களில் வேனின் இடது ஜன்னலில் கடல், வலது ஜன்னலில் காயல். தரையின் உயரம் இரண்டு மீட்டர், மிஞ்சினால் மூன்று. நாட்டின் மக்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் கயிற்றின் மேல்தான் வசிக்கிறார்கள். நெரிசல், குப்பை, வயிற்றுப்போக்கு, கிணற்றில் உப்பு எல்லாம் உண்டு. 'சொர்க்கத் தீவு' என்று விளம்பரம் எழுதுகிறவர்கள் இங்கே வந்ததில்லை என்று நினைக்கிறேன்.

ஆயிலர் குடும்பம் வடக்கு தாராவாவில். அங்கே கதை வேறு. தாழை ஓலைக் கூரை, தரையிலிருந்து உயர்த்திய மேடை, சுவர் கிடையாது. வீட்டை ஒட்டியே கல்லறைகள், வெள்ளைக் கூழாங்கல் பரப்பிச் சுத்தமாக. நிலம் குடும்பத்தின் நிலம், செத்தவர்களும் அதே நிலத்தில்தான் இருப்பார்கள் என்றார் ஆயிலர். நம் ஊரில் தாழை என்றால் பூ, வாசனை, பாம்பு. அவர்களுக்குத் தாழை என்றால் கூரை, பாய், கூடை, படகுக்குப் பாய்மரத் துணி, போதாததற்குச் சாப்பாடும். பழத்தைச் சுளை சுளையாகப் பிய்த்துச் சப்பிச் சாப்பிடுகிறார்கள். பல்லிடுக்கில் நார் சிக்கும், ருசி மோசமில்லை.

போன அன்றே மனேயாபாவுக்குக் கூட்டிப்போனார்கள். ஊர் மண்டபம் என்று சொல்லலாம், ஆனால் போதாது. கூரை மலை மாதிரி எழும்பி நிற்கும். ஓரத்தில் ஓலை இடுப்புயரத்துக்கு இறங்கிவிடும், குனியாமல் யாரும் நுழைய முடியாது. உள்ளே ஒவ்வொரு வம்சத்துக்கும் பரம்பரையாக இன்ன இடம் என்று உண்டு. தரையில் பாய், அதில் சம்மணம். காலை நீட்டக் கூடாது. நான் ஒருமுறை மரத்துப்போன காலை நீட்டிவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு கிழவி மட்டும் என் கால் மேல் ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் போனார். பேச்சு வயதானவர்களுடையது. 'உனிம்வானே' என்கிற கிழவர்கள் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் முடித்த பிறகு இன்னொருவர் என்று, மணிக்கணக்காகப் பேசி ஒரு முடிவுக்கு வருகிறார்கள். நாட்டின் பாராளுமன்றத்துக்கே மனேயாபா என்றுதான் பேர். 1979 ஜூலை 12-இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை கிடைத்தபோது நாட்டின் முதல் ஜனாதிபதி இயெரேமியா தபாய்க்கு வயது 29. கிழவர்களின் நாட்டில் அது எப்படி நடந்தது என்று கேட்டேன். "கிழவர்கள் சம்மதித்ததால்தான்" என்றார் ஆயிலர்.

அந்தக் கூரையைப் பற்றி இன்னொன்று. அந்தக் காலத்தில் கடலோடிகளுக்கு வான சாஸ்திரம் சொல்லிக்கொடுத்தது இதற்குள்தானாம். கூரையின் சட்டங்களும் கைமரங்களும் வானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்த கோடுகள். இன்ன மாதம், இன்ன நேரம், இன்ன நட்சத்திரம் எந்தக் கட்டத்தில் இருக்கும் என்று பையன்கள் மல்லாந்து படுத்தபடி மனப்பாடம் செய்ய வேண்டும். ஜி.பி.எஸ். கெட்டுப்போனால் கையைப் பிசைகிற தலைமுறையைச் சேர்ந்த நான், அன்று ராத்திரி அங்கேயே பாயில் படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லிகள் தெரிந்தன.

*

மூன்றாம் நாள் சாயங்காலம். கரேவே சீவுவதைப் பார்க்க ஆயிலரின் மாமாவோடு போனேன். அறுபதைத் தாண்டியவர். தென்னையில் படிபோல் வெட்டியிருந்த தடங்களில் கால் வைத்து, ஏணி ஏறுவதைவிட அலட்சியமாக ஏறினார். மேலே போய் மட்டையில் உட்கார்ந்தார். காலையில் கட்டிய பாட்டிலை அவிழ்த்தார். கயிறு சுற்றி வளைத்துவைத்திருந்த பாளையின் நுனியை, காகிதம் சீவுவது போல மெல்லிசாக ஒரு சீவல். அப்புறம் பாட ஆரம்பித்தார். பெரிய குரல், யாருக்கும் காட்டுவதற்காக இல்லாத குரல். கொஞ்ச தூரத்தில் இன்னொரு மரத்திலிருந்து இன்னொரு பாட்டு. அதற்கும் அப்பால் ஒன்று. சூரியன் காயலில் இறங்குகிற நேரம், ஊர் முழுக்கத் தென்னை உச்சியில் ஆண்கள் உட்கார்ந்து ஆளுக்கொரு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். என் தாத்தாவை நினைத்துக்கொண்டேன். அவருக்கும் பாடத் தெரிந்திருக்குமோ என்னவோ.

இறங்கி வந்தவர் பாட்டிலை என்னிடம் நீட்டினார். குளிர்ச்சியாக, லேசான புளிப்போடு, பால் மாதிரி. சுண்ணாம்பு வாசனை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். குழந்தைகளுக்கு இதைத்தான் கொடுத்து வளர்க்கிறார்கள். காய்கறியே முளைக்காத பவள மணலில் வைட்டமின் சி-க்கு வேறு என்ன வழி?

நான் ரசித்துக் குடித்துக்கொண்டிருக்கும்போது மாமா என் நெற்றியைக் காட்டி ஏதோ சொன்னார். எஞ்சின் அறையில் பயன்படுத்துகிற ஹெட்லைட்டை மாட்டியிருந்தேன். நல்ல விலை கொடுத்து வாங்கியது.

"புபுஸ் கேட்கிறார்" என்றார் ஆயிலர்.

"அப்படியென்றால்?"

"அந்த லைட்டைக் கேட்கிறார். இருட்டில் மீன்பிடிக்கப் போக வேண்டுமாம்."

"முடியாது என்றால்?"

ஆயிலர் என்னைப் பார்த்த பார்வையில், அந்தக் கேள்வியே அவர் மொழியில் இல்லை என்பது தெரிந்தது. கழற்றிக் கொடுத்தேன். மாமா மாட்டிக்கொண்டு, அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, நன்றி என்றுகூடச் சொல்லாமல் நடந்தார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். இப்போது யோசித்தால், அவர் எனக்கு ஒரு பாட்டில் கரேவே கொடுத்தபோது நானும் நன்றி சொல்லவில்லை.

புபுஸ் என்பது பிச்சையும் இல்லை, கடனும் இல்லை. உறவுக்காரர், ஊர்க்காரர் உன்னிடம் உள்ள ஒன்றைத் தேவை என்று கேட்டால் கொடுத்துவிட வேண்டும். மறுப்பது கேட்டவருக்கு அல்ல, மறுத்தவருக்கு அவமானம். படகு, சைக்கிள், சட்டை, சம்பளப் பணம் எதுவும் கேட்கலாம். நாளைக்கு நீ அவரிடம் கேட்கலாம். ஊரில் சின்னக் கடை வைத்தவர்கள் பலர் இதனால்தான் மூடினார்களாம். சர்க்கரையைச் சித்தப்பா கேட்பார், அரிசியை அத்தை கேட்பார், கல்லாவில் என்ன மிஞ்சும்?

எனக்கு இது அநியாயமாகப் பட்டது. எட்டு மாதம் ஐம்பது டிகிரி சூட்டில் வெந்து சம்பாதித்த காசு. ஆயிலர் ஊருக்கு வந்த மூன்றாவது வாரம் அதில் பெரும்பகுதி போய்விட்டது. ஒருவருக்குப் படகு மோட்டார், ஒருவருக்குப் பள்ளிக் கட்டணம், சர்ச்சுக்கு ஒரு பங்கு. ராத்திரி மேடையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டே விட்டேன்.

"உங்களுக்கென்று ஒன்றும் சேர்க்க முடியாதே, ஆயிலர்?"

அவர் கூரையைக் காட்டினார். "நான் கப்பலில் இருக்கும்போது இந்த ஓலையை யார் மாற்றினார்கள்? என் மகன் பிறந்தபோது நான் சூயஸில் இருந்தேன். அவனுக்கு யார் கரேவே சீவிக் கொடுத்தார்கள்?"

கொஞ்ச நேரம் கழித்து, "ஆனால் போன தடவை வாங்கி வந்த ஷூவை மட்டும் ஒளித்து வைத்திருக்கிறேன்" என்றார்.

அப்புறம் யோசித்ததில் அந்த மண்ணில் வேறு வழி இருந்திருக்காது என்று தோன்றியது. மழைநீர் பவள மணலுக்குள் இறங்கி, கடல் நீரின் மேல் ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசு. திருச்செந்தூர் நாழிக்கிணற்றில் குளித்தவர்களுக்கு இதை நம்பக் கஷ்டமாக இருக்காது. அந்த வில்லைதான் கிணறு, பயிர், எல்லாமே. அதைத் தொடும்வரை குழி தோண்டி, அதற்குள் பபை என்ற ராட்சதச் சேம்பை வளர்க்கிறார்கள். ஒவ்வொரு செடியையும் சுற்றி ஓலையால் கூடை பின்னி, இலைச்சருகை உரமாகப் போட்டு, வருஷக்கணக்காகப் பிள்ளை வளர்ப்பது போல. இலை என் தலைக்கு மேலே நின்றது. எந்த இலைச்சருகு, எவ்வளவு என்பதெல்லாம் குடும்ப ரகசியம். புபுஸிலும் அதைக் கேட்க முடியாதா என்றேன். ஆயிலர் பேச்சை மாற்றிவிட்டார். ஒருமுறை கடல் ஏறி அந்தக் குழிக்குள் விழுந்தால் போதும், சேம்பு அழுகிவிடும், குழி வருஷக்கணக்கில் உப்புக் கரிக்கும். வறட்சி வந்தாலும் வில்லை மெலிந்துவிடும். இப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் வீட்டில் இருக்கிறது, ஒருவன் வீட்டில் இல்லை என்றால், இருக்கிறவன் கொடுத்தால்தான் ஊர் இருக்கும்.

*

இந்த வழக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு அந்த நாட்டுச் சரித்திரத்தைப் படித்தால் வயிறு எரிகிறது.

பனாபா என்று ஒரு தீவு, ஆறு சதுர கிலோமீட்டர். மற்ற எல்லாத் தீவும் தட்டையாக இருக்க, இது மட்டும் 81 மீட்டர் உயரம். அந்த உயரமே வினையாயிற்று, உள்ளே இருந்தது உரத்துக்கான முதல் தர பாஸ்பேட். 1900-இல் ஆல்பர்ட் எல்லிஸ் என்பவர் ஒரு கம்பெனி சார்பில் போய், அதைத் தோண்டிக்கொள்ள உரிமை கேட்டார். ஆண்டுக்கு 50 பவுண்டு, 999 ஆண்டுகளுக்கு. கொடுத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் புல் செழித்தது, ஆடு கொழுத்தது. பனாபாவில் பாறை முட்கள் மட்டும் மிஞ்சின. 1920களின் கடைசியில் ஊர்க்காரர்கள் இனி நிலம் தர முடியாது என்றபோது, ஆண்டுகொண்டிருந்த பிரிட்டிஷ்காரர்கள் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டார்கள். போர் முடிந்து 1945 டிசம்பரில் அந்த மக்களைக் கொண்டுபோய் ஃபிஜியின் ராபி தீவில் இறக்கினார்கள், புயல் பருவத்தில், கூடாரங்களில். 1970களில் லண்டனில் வழக்குப் போட்டார்கள். மாதக்கணக்கில் நடந்தது, நீதிபதி தீவுக்கே வந்து பார்த்தார். கடைசியில், அரசாங்கம் செய்தது சரியில்லைதான், ஆனால் சட்டப்படி அதைக் கட்டாயப்படுத்த முடியாது என்ற மாதிரித் தீர்ப்பு. பாஸ்பேட் தீர்ந்ததும் கிரிபாஸுக்கு விடுதலை கிடைத்ததும் ஒரே ஆண்டு. இதைத் தற்செயல் என்று சொல்கிற சரித்திர ஆசிரியர்களுக்கு என் வணக்கம்.

சிலர் கேட்கவும் இல்லை. 1943 நவம்பர் 20-இல் பெசோவின் மேல் அமெரிக்கர்கள் இறங்கினார்கள், உள்ளே ஜப்பானியர்கள். கடல்நீர் போதுமான அளவு ஏறாததால் தரையிறங்கு படகுகள் பவளத் திட்டில் தட்டி நின்றுவிட்டன. வீரர்கள் நூற்றுக்கணக்கான மீட்டர் தண்ணீரில் நடந்து வந்தார்கள், துப்பாக்கிக்கு நேராக. 76 மணி நேரத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து ஐயாயிரத்துக்கு மேல் செத்தார்கள், ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒரு மணி நேரத்தில் நடந்துவிடக்கூடிய ஒரு தீவில். பெரிய பீரங்கிகள் இன்றும் கரையில் துருப்பிடித்து நிற்கின்றன. நான் போனபோது ஒன்றின் நிழலில் இரண்டு பெண்கள் பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீடு கட்டத் தோண்டினால் எலும்பு வருவது அங்கே சாதாரணம். பிறகு 1957, 58-இல் பிரிட்டனும் 1962-இல் அமெரிக்காவும் கிழக்குத் தீவுகளில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தன.

இப்போது கேட்கிறவர்கள் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது, அது ஒரு முன்னேற்றம். சூரை மீனுக்காக வருகிற வெளிநாட்டுக் கப்பல்களுக்கு, ஒரு கப்பல் ஒரு நாள் பிடிக்க இவ்வளவு என்று பக்கத்து நாடுகளோடு கூட்டுச் சேர்ந்து விலை வைக்கிறார்கள். அரசாங்கத்தின் வருமானத்தில் பெரும்பகுதி அதுதான். பாஸ்பேட் பணத்தில் 1956-இல் போட்டுவைத்த சேமிப்பு நிதியையும் இன்றுவரை காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஷூவை ஒளித்து வைக்கத் தெரிந்தவர்கள்.

*

கடைசி ஞாயிறு மனேயாபாவில் ஆட்டம். அதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அவர்கள் கொடியில் உதிக்கிற சூரியனுக்கு மேல் ஒரு பறவை பறக்கும், கப்பற்பறவை. ஆட்டமும் அந்தப் பறவைதான். கைகள் இறக்கை மாதிரி நீண்டு நிற்கும், தலை மட்டும் வெடுக்கென்று திரும்பும், விரல்கள் நடுங்கும். பின்னால் உட்கார்ந்து பாடுகிறவர்கள் மெதுவாக ஆரம்பித்துக் கைதட்டி ஏற்றிக்கொண்டே போவார்கள். ஆடுகிறவர் சிரிக்கக் கூடாது, அது மரியாதைக் குறைவு. நடுவில் நின்ற பெண்ணுக்குப் பதினாறு வயது இருக்கும். பாட்டு உச்சிக்குப் போனபோது அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடியது, முகத்தில் ஒரு தசை அசையவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு பாட்டி எழுந்து போய், ஆட்டத்துக்கு நடுவிலேயே அவள் கழுத்தில் பவுடர் பூசி, சென்ட் அடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை.

வெளியுலகம் பார்த்த கிரிபாஸ் ஆட்டம் வேறு. 2014-இல் நாட்டுக்கு முதல் காமன்வெல்த் பதக்கம், அதுவும் தங்கம், வாங்கிக் கொடுத்த எடைதூக்கும் வீரர் டேவிட் கடோவடாவ், 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஒவ்வொரு முறை எடையை இறக்கியதும் மேடையில் குதித்துக் குதித்து ஆடினார். உலகம் சிரித்தது. தன் நாடு படுகிற பாட்டை நாலு பேர் கேட்க வேண்டும் என்பதற்காக ஆடினேன் என்றார். கேட்டார்களா தெரியாது, வீடியோ மட்டும் ஓடியது.

கடல் ஏறுவதைப் பற்றி ஊரில் யாரும் என்னிடம் தானாகப் பேச்செடுக்கவில்லை. வெளியிலிருந்து வருகிற ஒவ்வொருவரும் இதையே கேட்டுக் கேட்டு அலுத்திருக்கிறார்கள். 'மூழ்கும் நாடு' என்ற பேர் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. நியாயம்தான். பசிபிக் பவளத்தீவுகளின் பழைய விமானப் படங்களையும் புதிய படங்களையும் ஒப்பிட்டு 2010-இல் வந்த ஓர் ஆய்வு, பெரும்பாலான தீவுகள் சுருங்கவில்லை, சில வளர்ந்தும் இருக்கின்றன என்றது. மணல் ஓர் ஓரத்தில் அரித்து இன்னோர் ஓரத்தில் சேர்கிறது. ஆனால் தரை இருந்தால் மட்டும் போதுமா? பெரிய அலை நாளில் கிணற்றுக்குள் கடல் வந்துவிட்டால் குடிக்க என்ன இருக்கிறது?

ஜனாதிபதியாக இருந்த அனோடே டோங் 2014-இல் ஃபிஜியில் சுமார் 20 சதுர கிலோமீட்டர் நிலத்தை வாங்கிப் போட்டார், கண்ணியத்தோடு இடம்பெயர்வோம் என்றார். 2016-இல் வந்த தானெட்டி மாமாவ் அரசு நாங்கள் எங்கேயும் போகப்போவதில்லை என்றது. நியூசிலாந்து சீட்டுக் குலுக்கிப்போட்டு ஆண்டுக்கு 75 பேருக்கு இடம் கொடுத்துவந்தது. அந்தச் சீட்டில் இல்லாத ஒருவர், இயோவானே டெய்டியோடா, கடலேற்றத்தால் ஊரில் வாழ முடியாது, இங்கேயே இருக்க விடுங்கள் என்று நியூசிலாந்து நீதிமன்றங்களில் கேட்டார். மறுத்துவிட்டார்கள். 2015-இல் திருப்பி அனுப்பினார்கள். ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் போனார். 2020-இல் வெளிவந்த முடிவும் அவருக்குச் சாதகமாக இல்லை. உயிருக்கே ஆபத்தான இடத்துக்கு ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற நிலை எதிர்காலத்தில் வரலாம் என்று மட்டும் ஒத்துக்கொண்டார்கள்.

இந்த வழக்கைப் பற்றி ஆயிலரிடம் கேட்டேன். தெரியும் என்றார். "அவர் கேட்டார், அவர்கள் மறுத்தார்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தூக்க முடியாத எடை ஒன்றைச் சுற்றி வந்து பார்ப்பது போல, அதே வாக்கியத்தை இன்னொரு முறை தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

கிளம்புகிற நாள் நானும் துணிந்து ஆயிலரின் அம்மாவிடம் புபுஸ் கேட்டேன், ஒரு பாட்டில் கமைமை. கிழவிக்கு ஒரே சந்தோஷம். அடுப்படியில் இருந்த இரண்டு பாட்டிலையும் கொடுத்துவிட்டார், ஒன்றுதானே கேட்டேன் என்றாலும் கேட்கவில்லை. ஒன்று திரும்பும் வழியில் பெட்டிக்குள் உடைந்து என் சட்டையெல்லாம் பிசுபிசுத்தது. இன்னொன்று தூத்துக்குடி வந்து சேர்ந்தது. அம்மா ஒரு சொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "கூப்பனிதானே, இதுக்கா இவ்வளவு தூரம் போனே?" என்றாள்.

ஒன்றரை வருஷம் கழித்து ஆயிலரிடமிருந்து வாட்ஸப்பில் செய்தி. வேறொரு கப்பலில் இருந்தார். "செகண்ட், ஒரு புபுஸ்" என்று ஆரம்பித்தது. அந்த ஹெட்லைட்டை மாமாவிடம் சர்ச் வாத்தியார் ஒருவர் கேட்டாராம். அவரிடம் அவர் மச்சான் கேட்டாராம். மச்சான் பக்கத்துத் தீவு அபையாங்குக்குப் போனபோது அங்கே ஒரு பிரசவம் பார்க்கிற அம்மா கேட்டு வாங்கிக்கொண்டாராம். கை மாறியபோதெல்லாம் அங்கங்கே என்னவோ செய்து சார்ஜ் ஏற்றியிருக்கிறார்கள். இப்போது அந்த அம்மாவிடம் பேட்டரி சுத்தமாகத் தீர்ந்துவிட்டது. அந்த லைட்டின் சார்ஜர் முனை வேறு மாதிரி, போன் சார்ஜர் பொருந்தாது. அந்த அம்மா மச்சானிடம் கேட்டிருக்கிறார், மச்சான் வாத்தியாரிடம், வாத்தியார் மாமாவிடம், மாமா ஆயிலரிடம்.

மேசை டிராயரைத் திறந்தேன். சார்ஜர் அங்கேயேதான் கிடந்தது. மறுநாள் தபாலாபீஸில் கவுன்ட்டரில் இருந்தவர் உறையை வாங்கி முகவரியைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை படித்தார். "கிரிபாட்டியா? எங்க சார் இருக்கு இது?" என்றார்.

"கிரிபாஸ்" என்றேன்.